சொல்லிட்டுச் சாடு

எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த லீவில் நான் பெரியவளானேன். அதில் எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. உளுந்தங்களி, நல்லெண்ணெய், புதுப் பாவாடை எல்லாம் சரிதான். சடங்கெல்லாம் முடிந்து, வழக்கம்போல எதிர்வீட்டுக்கு ஓடக் கிளம்பியபோதுதான் அம்மா வாசலை மறித்தாள்.

"எங்கட்டி ஓடுற?"

"விளையாட."

"இனிமே அங்க போகப்பிடாது, கேட்டியா. பையன்மாரு இருக்கிற வீடு. நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?"

எந்த நாலு பேர் என்று கேட்டேன். ஆரியசாலைக் கடைவீதியில் எங்கள் தெருவில் விடிந்தால் ஊரே நடக்கும். எல்லாருக்கும் மூட்டையும் பில்லும்தான் கவலை. என்னைப் பார்க்க யாருக்கு நேரம்? அம்மா பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். பதில் இல்லாத கேள்வி கேட்டால் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

எதிர்வீட்டில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். கீழே எலக்ட்ரிக் சாமான் கடை, மேலே வீடு. எங்கள் வீடும் அப்படியே, கீழே அப்பாவின் வத்தல் மல்லி மொத்தக் கடை. கடைக்காரரின் மகன் என் வகுப்பு. அவனுடைய மாமா கல்ஃபிலிருந்து வந்தபோது டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கேசட்டின் மேல் பல ஆயிரம் விளையாட்டு என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருந்தவை ஐந்தோ ஆறோ. அதையே பெயர் மாற்றி மாற்றிக் காட்டும். பச்சைப் புளுகு. எங்களுக்கு அதில் ஒன்றே போதுமாக இருந்தது. சிவப்புக்காரன், நீலக்காரன் என்று இரண்டு பட்டாளத்துக்காரர்கள் ஒன்றாக ஓடிக்கொண்டே சுட வேண்டும். கடைசியில் ஒரு நெருப்புப் பாலம் வரும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குதிக்காவிட்டால் பாலம் இடிந்து விழுந்துவிடும். அந்தப் பாலத்தை நாங்கள் ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான், எதிர்வீட்டுக்காரன், பிறகு சோடாபுட்டி. சோடாபுட்டியும் எங்கள் வகுப்புதான். மலையாளப் பையன். மூன்றாம் வகுப்பிலேயே தடித்த கண்ணாடி போட்டதால் அந்தப் பெயர். எங்களோடு சேர்ந்து சேர்ந்து தமிழும் பேசுவான், பாதி வழியில் மலையாளத்துக்கு வண்டியைத் திருப்பிவிடுவான். மூன்று பேரில் நன்றாக ஆடுபவன் அவன்தான். எனக்கோ ஆட்டத்தைவிட வாய் நீளம். எதிர்வீட்டு மாடியில் நான் போடும் சத்தம் எங்கள் கடையில் தராசு பிடித்து நிற்கும் அப்பாவுக்குக் கேட்கும்.

அந்த வாய் அடைத்துப்போனது. பிடிவாதத்துக்காகத்தான் ஆரம்பித்தேன். அம்மா பேசினால் பேசக் கூடாது என்று. ஆனால் ஒரு வாரம் போனதும், பேசத் தோன்றினாலும் பேச்சு வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். மாலையில் எதிர் ஜன்னலில் டிவி வெளிச்சம் மாறி மாறி அடிக்கும். நான் என் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். எனக்கு இருந்த சிநேகிதர்களே அந்த இரண்டு பேர்தான். அவர்களும் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

ஒருநாள் ஜன்னல் கதவில் டொக்கென்று ஏதோ பட்டது. திறந்தால், சணல் கயிறு சுற்றிய உருண்டை ஒன்று கம்பியில் சிக்கித் தொங்கியது. எதிர் ஜன்னலில் இரண்டு தலைகள்.

"இழுடீ!" என்றான் எதிர்வீட்டுக்காரன்.

இழுத்தேன். சணலின் பின்னால் ஒரு வயர் வந்தது. வயரின் நுனியில் ஒரு ஜாய்ஸ்டிக் வந்தது. இரண்டாவது ஆட்டக்காரனின் ஜாய்ஸ்டிக். அதன் குட்டை வயரை வெட்டி, உள்ளே இருந்த ஐந்து கம்பிகளையும் நிறம் பார்த்து முறுக்கி, எதிர்வீட்டுக்காரன் தன் அப்பா கடையில் சுட்ட வயரைச் சேர்த்து நீட்டியிருந்தான். டிவியைத் தூக்கி ஜன்னலைப் பார்க்க வைத்திருந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார, அவர்கள் தலைக்கு மேலாக எனக்குத் திரை தெரிந்தது. பொத்தானை அமுக்கினேன். தெருவுக்கு அந்தப் பக்கம் நீலக்காரன் குதித்தான்.

"அய்யோ!" என்று கத்தினேன். மூன்று வாரத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான்.

அம்மா ஓடிவந்து பார்த்தாள். என் கையைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், எதிர் ஜன்னலைப் பார்த்தாள்.

"நான் எங்கயும் போகலியே," என்றேன். "வீட்டுலதானே இருக்கேன்."

"என்ன எளவோ செய்யி. தெரு கேக்கச் சத்தம் போடாத," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இரண்டு வாரம் ராஜபோகம். அதற்குள் வந்தது ஒரு மினிலாரி. ஆள் உயரத்துக்கு மேல் வத்தல் மூட்டை அடுக்கி, அதன் உச்சியில் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி ஒருவர். அவர் குனிந்துகொண்டார், மூட்டை குனியவில்லை. வயர் விர்ரென்று இழுபட்டு, என் கையிலிருந்த ஜாய்ஸ்டிக் கம்பியில் மோதி நின்றது. அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். பார்த்தால் வயர் முழுசாகத்தான் இருந்தது. ஆனால் கடை வயர் தெருவில் தொங்கும் சங்கதி எதிர்வீட்டு அப்பாவின் காதுக்கு அன்றைக்குத்தான் எட்டியது. நல்ல அடி. வயர் கட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். மாட்டியதை மட்டும் ஏனோ கழற்றச் சொல்லவில்லை.

இரண்டு நாள் எதிர் ஜன்னல் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஆட்டம் மறுபடி ஆரம்பித்தது, ஒரு புதுச் சட்டத்துடன்.

"இனிமே எது செஞ்சாலும் சத்தம் போட்டுச் சொல்லிட்டுச் செய்யி," என்றான் எதிர்வீட்டுக்காரன். "அப்பதான் எங்களுக்குத் தோதா இருக்கும்."

"சொல்லிட்டுச் சாடு, மனசிலாயோ?" என்றான் சோடாபுட்டி.

எங்கள் ஊரில் யாரும் குதிப்பதில்லை, சாடுவார்கள். நானும் "சாடுறேன்! படுக்கிறேன்! சுடுறேன்!" என்று கரடியாகக் கத்தி ஆடினேன். கீழே மூட்டை தூக்குகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "சாடு மோளே, சாடு!" என்பார்கள். அம்மா உள்ளேயிருந்து, "மெதுவாட்டி!" என்பாள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்தாளே, அந்த நாலு பேர் சொன்னது 'சாடு' என்றுதான்.

ஒரு வாரம் போயிருக்கும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஒரு பள்ளம் வந்தது, பொத்தானை அமுக்கினேன், வாயிலிருந்து சத்தம் வரவில்லை. நீலக்காரன் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தான். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த பள்ளத்தில் கட்டை விரலைத் தூக்கிவிட்டு, எதையும் அமுக்காமல், அடித்தொண்டையால் "சாடுறேன்" என்றேன். சாடினான்.

இன்றைக்கு எனக்குச் சம்பளம் கிடைப்பது இந்த வேலைக்குத்தான். கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், அமுக்கினால் என்ன நடக்கிறது, அமுக்காவிட்டால் என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்வது. முதல் சோதனையை அந்த ஜன்னலில் செய்தேன்.

என் கையில் இருந்தது வெறும் பிளாஸ்டிக். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, என்னைத் தெரு பார்க்கக் கத்தவிட்டு வேடிக்கை பார்க்கிறான்கள்! எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ஜாய்ஸ்டிக்கைத் தெருவில் வீசக் கையை ஓங்கினேன்.

அப்போதுதான் சோடாபுட்டியின் தலையைக் கவனித்தேன். திரையை நேராகப் பார்க்காமல், ஒரு காதை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தான். அப்படித் திரும்பியதில் மடி தெரிந்தது, அதில் எங்கோ ரிப்பேர் கடையில் கிடைத்தது போல் ஒரு பழைய ஜாய்ஸ்டிக். அவன் தானாக ஆடினால் அந்தப் பள்ளங்கள் எல்லாம் அவனுக்குத் தூசு. அவன் ஆடவில்லை. நான் தாமதமாகச் சொன்னால் தாமதமாகச் சாடினான், நான் தப்பாகச் சொன்னால் தப்பாக விழுந்தான். ஒரு வாரமாகத் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு என் ஆட்டத்தை, என் அத்தனை அசட்டுத்தனத்தோடும், எனக்காக ஆடிக்கொண்டிருந்தான்.

ஓங்கிய கையை இறக்கினேன். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். வயரை அவிழ்ப்பார்கள். வயர் போனால் ஜன்னல் சும்மா ஜன்னல். அடுத்த பள்ளம் வந்தது. "சாடுறேன்!" என்று கத்தி, பொத்தானையும் ஒழுங்காக அமுக்கினேன்.

அந்த வருஷம் முழுக்க அப்படித்தான். எங்கும் போகாத வயரின் நுனியில் உட்கார்ந்து ஒரு பொத்தானைக்கூட நான் ஏமாற்றவில்லை. பாலத்தை மட்டும் தாண்ட முடியவில்லை. ஒரே நேரத்தில் சாட வேண்டிய இடத்தில், என் சத்தம் தெருவைக் கடந்து சோடாபுட்டியின் காதுக்குப் போய், அவன் விரலுக்கு வருவதற்குள் பாலம் விழுந்துவிடும். "எடீ, கொஞ்சம் நேரத்தே பறயணும்," என்பான், முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் அப்பா கரமனையில் வீடு பார்த்தார். நான் நாகர்கோவிலில் ஹாஸ்டலில் சேர்ந்தேன். ஆனால் அந்த இரண்டு பேரும் என்னைவிட்டுப் போகவில்லை. லீவுக்கு வந்தால் அரை மணி நேரமாவது பார்த்துவிடுவோம். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோனபோது வீட்டில் எல்லாரும் என் முகத்தைப் பார்க்கக் கூசினார்கள். இவன்கள் இரண்டு பேரும்தான் வந்து உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் ஒரு சீப்பு ரசகதலிப் பழத்தைத் தின்று தீர்த்துவிட்டுப் போனார்கள். நான் ஜாதகத்தை எல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் சிநேகிதத்துக்கு மட்டும் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நம்புகிறேன்.

சோடாபுட்டிக்கும் கழக்கூட்டத்தில் வேலை கிடைத்து ஃப்ளாட் எடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டான். எதிர்வீட்டுக்காரன் ஒரு சாக்கோடு வந்தான். உள்ளே அந்தப் பழைய பெட்டி, புளுகுக் கேசட், ஜாய்ஸ்டிக்குகள். கடைசியாகச் சுற்றி வைத்த ஒரு வயர்.

பெட்டி ஓடியது. கேசட்டை ஊதி ஊதித்தான், ஆனாலும் ஓடியது. எதிர்வீட்டுக்காரன் மட்டும் அதைப் பார்க்காமல் வயரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். இப்போது கடை முதலாளி, மீசை வேறு. முகம் மட்டும் அடி வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே.

"ஒரு காரியம் சொல்லணும். திட்டாதே. இந்த வயரு அன்னைக்கே உள்ளுக்குள்ள அறுந்துபோச்சு. லாரி இழுத்த அன்னைக்கே. நீ ஆடவே இல்ல. ஆடினது இவன்."

"தெரியும்," என்றேன்.

"என்ன தெரியும்?"

"எனக்குத் தொண்டை கட்டின அன்னைக்கே தெரியும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எல்லாம் அறிஞ்சிட்டா, ஒரு வருஷம் தொண்டை கீறிக் கத்தினியா?" என்றான். பிறகு எதிர்வீட்டுக்காரனிடம் மெதுவாக, "இனி மத்ததும் பறயலாம், அல்லே? நீயும் பறஞ்சாச்சு, இவளும் கண்டுபிடிச்சாச்சு. சத்தியம் போச்சு," என்றான்.

"என்ன சத்தியம்?"

எதிர்வீட்டுக்காரன்தான் சொன்னான். வயர் அறுந்த மறுநாள் இரண்டு பேரும் உண்மையைச் சொல்லிவிட எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கீழ்ப்படியில் அம்மா நின்றிருக்கிறாள். கேட்டுவிட்டு, மேலே போக விடவில்லை.

"அத்தை சொன்னா, 'அவகிட்டச் சொல்லிராதீங்க மக்களே. மூணு வாரம் அவ வாயே திறக்கல. உங்க வயரு வந்த பெறகுதான் திரும்பக் கத்துறா. நீங்களே ஆடுங்க. அவ என்ன செய்யிறான்னு சத்தம் போட்டுச் சொல்லச் சொல்லுங்க, அதைக் கேட்டு ஆடுங்க. ஆரும் அவகிட்டச் சொல்லப்பிடாது, எம்மேல சத்தியம்'னு. வயரை அவுக்காதீங்கன்னு எங்க அப்பாகிட்டயும் அத்தைதான் சொல்லிவிட்டா."

நான் எழுந்து பால்கனிக்குப் போனேன். கீழே ஹைவேயில் வண்டிகள் இரைந்துகொண்டிருந்தன. மெதுவாட்டி, மெதுவாட்டி என்று ஒரு வருஷம் அதட்டினாளே! வீட்டுக்கு ஃபோன் போட்டேன். கேட்டேன்.

"என்ன எளவோ. எனக்கு ஞாபகம் இல்ல," என்றாள் அம்மா.

"பொய் சொல்லாதம்மா."

ஃபோனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பாலம் தாண்டியாச்சா?" என்று கேட்டாள்.

என் முதுகுக்குப் பின்னால் நின்று அவளும் பார்த்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இல்லம்மா. இன்னும் இல்ல," என்றேன்.

"மூணு தடிக்கழுதைங்க சேந்தும் முடியலயா? எங்கிட்ட என்ன பேச்சு அப்போ. போ, போயி விளையாடுட்டி."

மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். இரண்டு பேரும் ஆட்டத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, நான் திட்டப்போகிறேனா அழப்போகிறேனா என்று பார்த்தார்கள்.

"அம்மா போகச் சொல்லிட்டா," என்றேன்.

சோடாபுட்டி பாயில் நகர்ந்து எனக்கு நடுவில் இடம் விட்டான்.