எல்லையோர மிளகுக் கொடிகள்

அண்ணன் அடுத்த தோட்டத்து மாமாவை வெட்டியபோது நான் பத்தடி தள்ளி, கையில் டீ டம்ளரோடு நின்றிருந்தேன்.

மலைமேல் ஆடலூரில் எங்கள் தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவே ஒரு கல்வேலி. அந்த வேலியோரம் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றியிருந்த மிளகுக் கொடிகள் எல்லாம் மஞ்சளாகி, கணுக்கணுவாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தன. உள்பக்கத்துக் கொடிகளுக்கு ஒன்றுமில்லை. வேலியோரம் மட்டும் சாகிறதென்றால் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான் காரணம் என்று அண்ணன் முடிவு கட்டியிருந்தான். ஏற்கெனவே ஒரு பலாமரத்தின் நிழல் யார் காப்பிச் செடியைக் கெடுக்கிறது என்று இருவருக்கும் தகராறு. அதிலிருந்து பேச்சு நின்றுபோயிருந்தது.

அன்று காலை அடுத்த தோட்டத்து மாமா முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு தன் பக்கத்துப் புல்லுக்குக் களைக்கொல்லி அடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு உறவில்லை. சின்ன வயதிலிருந்து அவரை மாமா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டுப் பழக்கம்.

"கொடியக் கொன்னது பத்தலையா? இன்னும் ஊத்துறியா?" என்று அண்ணன் கத்தினான்.

"ஒன் கொடி செத்தா நான் என்னடா பண்ணுவேன்? என் புல்லுக்கு நான் அடிக்கிறேன். போடா, சோலியப் பாத்துட்டு."

அண்ணன் வேலியைத் தாண்டினான். கையில் காப்பிச் செடியின் கிளைகளைக் கழித்துக் கவாத்துப் பண்ணும் கத்தி. மாமா இடது கையைத் தூக்கித் தடுத்தார். பச்சை மட்டையை வெட்டுவது போல ஒரு சத்தம். இரண்டாவது வெட்டு தோளில் இறங்கியது. ஸ்பிரேயரின் பட்டை அறுந்து கேன் கீழே விழுந்து, மருந்தும் ரத்தமும் ஒன்றாக அவர் காலைச் சுற்றி ஓடின. மூன்றாவது முறை கத்தி உயர்ந்தபோது நான் வேலியைத் தாண்டி ஓடி அண்ணனின் மணிக்கட்டைக் கடித்தேன். என் வாயில் அவன் ரத்தம் உப்புக் கரித்தது. கத்தியைப் போட்டுவிட்டு அவன் என்னை எட்டி உதைத்தான்.

மாமாவின் மோதிர விரலும் சுண்டு விரலும் புல்லில் கிடந்தன. அக்கா ஓடி வந்து அவற்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். காயத்தில் மருந்து பட்டிருந்ததால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, என் துப்பட்டாவை இறுக்கிக் கட்டினேன். ஜீப்பில் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தபோது, விரல்களை இனி ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் திரும்பி வருவதற்குள் மாமாவின் தம்பிகள் தோட்டத்துக்குள் புகுந்திருந்தார்கள். காய் பிடித்திருந்த காப்பிச் செடிகளை முழங்கால் உயரத்தில் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். ஜன்னல்களை உடைத்திருந்தார்கள். எங்கள் நாய் படிக்கட்டில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தது. அவர்கள் போன பிறகு திரும்பி வந்த அண்ணன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து போலீசுக்குக் காத்திருந்தான்.

"நீ மண்ண எடுத்துட்டுப் போ. ஒங்க ஆபீசுல மெசின் இருக்குல்ல? அவன் விசம் ஊத்துனதக் கண்டுபிடி. அது போதும் எனக்கு" என்றான்.

நான் மதுரையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். காய்கறி, மண், தண்ணீர் இவற்றில் பூச்சிமருந்து மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அண்ணன் சொன்ன மெசின், எச்.பி.எல்.சி. என்ற கருவி. மாதிரியைக் கரைத்து வடிகட்டி, விரல் நீளமுள்ள ஒரு எஃகுக் குழாய்க்குள் பெரும் அழுத்தத்தில் செலுத்துவோம். கலந்திருக்கும் ஒவ்வொரு ரசாயனமும் தனக்கென்று ஒரு நேரத்தில் வெளியே வரும். வரும்போது திரையில் கோடு மலைபோல எழும்பி இறங்கும்.

மேலதிகாரியிடம் நடந்ததைச் சொல்லி, அறிக்கை எதுவும் தரக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி வாங்கினேன். மாமா அடித்த களைக்கொல்லியின் தூய மாதிரியை முதலில் கருவியில் ஓட்டி, அது வெளியே வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பிறகு வேலியோரத்து மண். விஷம் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதை மறைக்கப் போவதில்லை. இருந்தால் அண்ணன் செய்ததற்கு ஒரு காரணமாவது கிடைக்கும்.

குறித்துவைத்த அந்த நேரம் வந்தது, கடந்தது. கோடு படுத்தே கிடந்தது. மற்றக் களைக்கொல்லிகளையும் பார்த்தேன். இல்லை. ஒரே ஒரு மேடு எழுந்தது. அது வேரழுகலுக்கு ஊற்றும் பூஞ்சைமருந்து. கடைக்காரர் சொன்னார் என்று அண்ணனே ஊற்றியது.

பிறகுதான் மண்ணோடு சேர்த்து எடுத்து வந்திருந்த கொடி வேரைக் கையில் எடுத்தேன். வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள். நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, கண்ணாடி நூல்கள் போல நூற்றுக்கணக்கில் நெளிந்தன. நூற்புழு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. வேருக்குள் புகுந்து உறிஞ்சும். கொடி சாவதற்கு இரண்டு மூன்று வருடம் எடுக்கும். வேலியோரத்துக் கொடிகளை மட்டும் அண்ணன் ஒரு நர்சரியிலிருந்து மண் நிரப்பிய பையில் வளர்த்த நாற்றாக வாங்கி வந்து நட்டிருந்தான். அந்தப் பை மண்ணிலேயே புழு வந்திருக்க வேண்டும்.

ஜாமீனில் வந்த அண்ணன் நேராக மதுரையில் என் வீட்டுக்கு வந்தான். கண்டுபிடித்ததைச் சொன்னேன்.

"புழுவா?" என்றான். "புழுவுக்காகவா நான் ஜெயிலுக்குப் போகணும்?"

"புழுவுக்காக இல்லண்ணே. வெட்டுனதுக்கு."

"மருந்து இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடு. ஒனக்கு என்ன கொறஞ்சுபோகும்?"

"மாட்டேன்."

அறைந்தான். அலமாரியில் தலை மோதி விழுந்தேன். விழுந்தவளின் இடுப்பில் மிதித்தான். மாடி வீட்டுக்காரர்கள் ஓடி வந்து பிடித்து இழுத்தார்கள். இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்பதில்லை.

அடுத்த வாரம் நான் ஆடலூருக்குப் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் தோட்டத்து மண் ஒட்டிய மண்வெட்டியை அவர் பக்கம் கொண்டுபோக வேண்டாம், மழைத்தண்ணீர் அந்தப் பக்கம் இறங்காமல் வாய்க்கால் வெட்டுங்கள் என்றேன். அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீ படிச்சவதான? கொடி மஞ்சளாகி ஆறு மாசமாச்சு. மாசாமாசம் வந்துபோற. ஒரு வேரப் புடுங்கிப் பாத்திருக்கக் கூடாதா?"

ஒவ்வொரு முறையும் அந்தக் கொடிகளைப் பார்த்துக்கொண்டேதான் டீ குடித்தேன். லீவு நாளில் வேலையைப் பற்றி நினைக்க வேண்டாமே என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, அன்று நான் பார்த்ததைக் கோர்ட்டில் சொன்னேன். அண்ணனுக்குத் தண்டனை கிடைத்தது. சிறையில் அவனைப் பார்க்க இதுவரை மூன்று முறை போனேன். மூன்று முறையும் அவன் என்னைப் பார்க்க வெளியே வரவில்லை.

போன மாசி மாதம் ஆள் வைத்து வேலியோரத்துக் கொடிகளை வேரோடு பிடுங்கி, அங்கேயே குவித்துக் கொளுத்தினேன். ஈர வேர் சரியாக எரியாமல் புகைந்தது. அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"காயப்போட்ட துணியெல்லாம் பொகை. கொஞ்சம் அங்கிட்டு தள்ளிக் கொளுத்தச் சொல்லு" என்றார்.

தள்ளிக் கொளுத்தச் சொன்னேன்.