படத்தில் விழுந்த நிறம்

அகச்சிவப்புப் பிலிம் கொழும்பில் தேடியும் கிடைக்கவில்லை. மெல்பேர்னில் இருக்கும் என் தங்கை விடுமுறைக்கு வந்தபோது எனக்காகக் கொண்டுவந்தாள். கண்ணுக்குத் தெரியாத, சிவப்புக்கும் அப்பாலுள்ள வெளிச்சத்தைப் பிடிக்கிற கறுப்பு வெள்ளைப் பிலிம். பகலில் வெளியே எடுத்தாலே பழுதாகிவிடும். வெள்ளவத்தையில் நானும் அம்மாவும் இருக்கும் பிளாட்டின் குளியலறையில், கதவின் கீழ் துவாயை அடைத்து, விளக்கை அணைத்து, விரலால் தடவித் தடவித்தான் அதைக் கமராவில் போட்டேன். லென்சின் முன்னால் ஒரு கண்ணாடி பூட்ட வேண்டும். சிவப்புக் கண்ணாடி என்று பெயர், பார்த்தால் கறுப்பு. பூட்டிய பிறகு கமராவுக்குள்ளால் எதுவும் தெரியாது. என்ன எடுக்கிறோம் என்று முதலே பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு குருட்டுத்தனமாக அழுத்த வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன கையோடு, நானும் தங்கையும் தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனோம். தென்னைகளையும் கடலையும் எடுத்தேன். ஒரு படத்துக்கு என்னை நிற்கச் சொல்லித் தங்கை அழுத்தினாள்.

"மூச்சு விடாதேங்கோ அக்கா, அசைஞ்சா கலங்கிப் போகும்."

கருநீலச் சாறி, சிவப்புப் பொட்டு, பின்னால் தென்னை. அப்படித்தான் நின்றேன்.

பிலிமை நானே வீட்டில் கழுவினேன். படங்களைப் பெரிதாகப் போட்டுத் தந்தது கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோ. கடலும் வானமும் கறுத்துக் கிடந்தன. தென்னோலைகள் மாவில் புரட்டி எடுத்தவைபோல வெளுத்திருந்தன. என் முகம் பாலாக இருந்தது. சாறியும் வெள்ளை. பொட்டைக் காணவில்லை. கண்கள் மட்டும் இரண்டு கரிய குழிகள். செத்துப்போனவள் திரும்பி வந்து நிற்பதுபோல இருக்கிறதென்று நானும் தங்கையும் சிரித்தோம்.

அம்மா சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதில நல்ல நிறமா விழுந்திருக்கிறாய்."

"அது பிலிமின்ர வேலை அம்மா. ஆரை எடுத்தாலும் அப்பிடித்தான் வரும்."

"வரட்டும். இந்தப் பொட்டுத்தான் இல்லாமப் போச்சு."

நான் அப்பாவின் நிறம். தங்கை அம்மாவின் நிறம். இளையவளுக்கு முதலில் கலியாணமானதற்கு வேறு காரணங்கள் சொல்லலாம், எங்கள் வீட்டில் சொல்லியும் இருக்கிறார்கள். அந்தக் கலியாணத்தில் குடும்பமாக நின்று படம் எடுத்தபோது அம்மா கமராக்காரரிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது: "மூத்தவவைக் கொஞ்சம் ஓரமா விடுங்கோ. லைட் அடிச்சா இன்னும் கறுப்பாத் தெரியும்." அதற்குப் பிறகுதான் கமராவுக்குப் பின்னால் நிற்கப் பழகிக்கொண்டேன்.

தங்கை திரும்பிப் போனபின், நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், அம்மா அந்தப் படத்தோடு தனியாக பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போயிருக்கிறார். ஸ்டூடியோக்காரர் கம்பியூட்டரில் நெற்றிக்குப் பொட்டு வைத்து, சாறிக்கு இளநீலம் பூசிக் கொடுத்திருக்கிறார். ஒன்று பிரேம் போட்டு எங்கள் ஹோலில் தொங்கியது. இன்னொன்று கலியாணத் தரகரின் போனுக்குப் போயிருந்தது. கனடாவில் ஒருவருக்குப் படம் பிடித்துவிட்டதாம்.

"என்னைக் கேக்காம ஏன் அனுப்பினீங்கள்? நான் இப்பிடியோ இருக்கிறன்?"

"நேர வரேக்க பாப்பினம்தானே. கதைச்சுப் பழகினாப் பிறகு ஆர் நிறத்தைப் பாக்கினம்?"

கோபப்பட்டேன், ஆனால் வேண்டாமென்று சொல்லவில்லை. அவர் போனில் நன்றாகக் கதைத்தார். முதல் தடவை கதைத்தபோதே, அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்க, அவரிடம் சொல்லிவிட்டேன்: அது ஒரு தனி வகைப் பிலிம், அதில் எல்லோரும் வெள்ளையாகத்தான் விழுவார்கள், நான் கறுப்பு.

"நானும் கறுப்புத்தான். அதுக்கென்ன?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவரோடு மேலும் கதைத்தேன். வேலை முடிந்து பஸ்ஸில் நிற்கும்போதுகூட போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் வரச்சொல்லி அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் கனடாவிலிருந்து வந்து தெஹிவளையில் உறவினர் வீட்டில் தங்கினார். ஒரு ஞாயிறு பின்னேரம் தன் அக்காவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் தேத்தண்ணி கொண்டுவந்தேன். அவருடைய அக்கா என்னைப் பார்த்தார், சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"இது எப்ப எடுத்த படம்?"

"போன வருசம்தான்," என்று அம்மா முந்திக்கொண்டார். "இப்ப வெயிலுக்க திரிஞ்சு கொஞ்சம் கறுத்திட்டா."

அக்கா தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். பெண் பார்க்க வந்தவரோ படத்தைப் பற்றி நிறையக் கேட்டார். இலைகள் ஏன் வெள்ளை, வானம் ஏன் கறுப்பு என்றெல்லாம். உண்மையாகவே ஆர்வம். நான் விளங்கப்படுத்தினேன். இத்தனை பொறுமையாக என் படத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

"அப்ப என்னை எடுத்தாலும் வெள்ளையா வருவனோ?"

"வருவீங்கள்."

சிரித்தார். என்னோடு கதைக்கும்போதும் அவருடைய கண் சுவருக்கே போய்க்கொண்டிருந்தது. நான் இருந்த பக்கத்துக்கு எப்போதாவது ஒருமுறைதான் வந்தது. அவர்கள் படியிறங்கிப் போகும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவுக்கு விளங்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது கலியாண மண்டபத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டொரு நாளில் தரகர் அம்மாவுக்குப் போன் எடுத்தார். நான் நல்ல பிள்ளையாம், படித்த பிள்ளையாம். ஆனால் படத்தில் இருக்கிற மாதிரி ஒருவரை எதிர்பார்த்துத்தான் அவ்வளவு தூரம் வந்தவர்களாம். என் போனுக்கு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

அம்மா அவர்களைக் கோபிக்கவில்லை.

"நீ ஏன் அந்த மனிசனுக்கு முதலே கறுப்பெண்டு சொன்னனீ? சொன்னபடியால்தான் வந்து உத்துப் பாத்தவை."

 பிறகு கிழமைக்கணக்காக வேலை முடிந்து பிந்தித்தான் வீட்டுக்கு வந்தேன். சாப்பாடு மேசையில் மூடியிருக்கும், சாப்பிடுவேன்.

இப்போதும் அகச்சிவப்புப் பிலிமில் படம் எடுக்கிறேன். வெள்ளவத்தைக் கால்வாய், கிராண்ட்பாஸ் பக்கத்துப் பழைய மதில்களில் முளைத்த ஆலங்கன்றுகள், ஆளில்லாத கடற்கரை. மனிதர் யாராவது குறுக்கே வந்தால் அவர்கள் போகும்வரை காத்து நிற்பேன்.

சென்ற வருடம் அம்மா தங்கையோடு இருக்க மெல்பேர்னுக்குப் போனார். பயணத்துக்கு முதல் நாள் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, பழைய சாறியொன்றில் சுற்றிச் சூட்கேசுக்குள் வைத்தார். நான் பட்டம் வாங்கிய படம் அலுமாரியில் கிடந்தது. அதைக் கேட்கவில்லை.

"அது நானில்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே அம்மா?"

"தெரியும்," என்றார், நிமிர்ந்து பாராமல். "அதுக்கென்ன இப்ப? அங்க உன்னை ஆர் நேரில பாக்கப் போகினம்?"

சூட்கேசின் மூடி பூட்டுப்படவில்லை. அமத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.