கேட்காதவர் ஷெட்டில் ஒரு கியர்பாக்ஸ்

லைல் பாஸ்கோவுக்கு உதவி செய்வது சாமானிய காரியம் இல்லை. உதவ வந்தவர் கையில் ஒரு பியரைக் கொடுத்து, கவிழ்த்த பெயிண்ட் டின்மேல் உட்கார வைத்துவிட்டு, வேலையைத் தானே செய்வார். பல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வீட்டிலேயே பிடுங்கிப் பார்த்த மனுஷன் என்று அவர் மனைவி கிளெனிஸ் சொல்வார். பல்லையும் ஒருமுறை முயன்றதாக எனக்குத் தகவல் உண்டு, ஆதாரம் இல்லை.

அந்த நவம்பரில், எங்கள் நாட்டில் கோடை தொடங்கும் நேரத்தில், லைல் பிரித்தது தன் பழைய டீசல் பிக்கப்பின் கியர்பாக்ஸை. மூன்றாவது கியர் போட்டால் நிற்காது. கொஞ்ச தூரம் போனதும் படக்கென்று தானே நியூட்ரலுக்கு வந்து விழும். சாதாரண வண்டியென்றால் பொறுத்துக்கொள்ளலாம். இது முதுகில் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் சுமக்கிற வண்டி. எங்கள் பக்கத்தில் பார்லி அறுக்கும்போது வயலோரம் தண்ணீர் வண்டி நிற்காமல் யாரும் அறுவடை மிஷினை இறக்கமாட்டார்கள். காய்ந்த கதிர் பற்றிக்கொள்ள மிஷினில் சூடான பேரிங் ஒன்று போதும், தீக்குச்சி வேண்டாம். வார இறுதியில் பாலைவனச் சூட்டோடு வடக்குக் காற்று வருமென்று ரேடியோ சொல்லியிருந்தது. அதற்குள் அறுக்காவிட்டால் வருஷத்து விளைச்சல் மண்ணில் உதிர்ந்துவிடும்.

பக்கத்துப் பண்ணை எரல் நோஸ்கே பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்திருந்தார். இதே மாதிரி கியர்பாக்ஸை அவர் முன்பே பிரித்துப் பூட்டியவர். அது லைலுக்கும் தெரியும். தெரிந்ததாக இருவருமே காட்டிக்கொள்ளவில்லை.

"எப்படிப் போகுது?" என்றார் எரல்.

"போகுது."

மதியம்வரை நடந்த உரையாடல் இவ்வளவுதான். சாப்பாட்டுக்கு அழைக்க வந்த கிளெனிஸ் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"காலையிலேர்ந்து ரெண்டு பேரும் அப்படி என்னதான் பேசினீங்க?"

"நிறைய," என்றார் லைல்.

ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்ததில் மூன்றாவது கியரின் வியாதி தெரிந்தது. "இங்க பாரு, பல்லு முனையெல்லாம் கூழாங்கல்லு மாதிரி மழுங்கிக் கிடக்கு. அப்புறம் எப்படி நிக்கும்?" என்று லைல் கியரைத் தூக்கிக் காட்டினார். காட்டியது பெருமைக்கு; கருத்துக் கேட்டு அல்ல. புதிய கியர், புதிய பித்தளை வளையங்கள், புதிய பேரிங்குகள் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்தன. கடைசியில் கியர் மாற்றும் மூன்று கம்பிகளை வரிசையாக உள்ளே தள்ளினார்.

அந்தக் கம்பிகளுக்கு நடுவில் விரல்நகம் அளவில் ஒரு பூட்டு முளை உண்டு. ஒரு கம்பி நகர்ந்தால் மற்ற இரண்டையும் அசையவிடாமல் அது தடுக்கும். அது இல்லாவிட்டால் வண்டி ஒரே நேரத்தில் இரண்டு கியரில் விழலாம். இரண்டு கியரில் விழுந்த வண்டி முன்னேயும் போகாது, பின்னேயும் போகாது. பிரித்த பாகங்களைக் கழுவிய அழுக்கு மண்ணெண்ணெயோடு சேர்த்து அந்த முளையை லைல் வேலியோரம் கொட்டியிருந்தார். அப்படியொன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

எரல் பார்த்தார். முளை இல்லாமல் கம்பி உள்ளே போவதைக் கண்ணாரப் பார்த்தார். வாயும் திறந்தது. திறந்த வாயில் பியரை ஊற்றிக்கொண்டார். அடுத்தவன் ஷெட்டில், அவன் கேட்காமல், 'நீ செய்வது தப்பு' என்று சொல்லக்கூடாது. எங்கள் ஊரில் அடுத்தவன் மனைவியைப் பற்றிக்கூட ஏதாவது சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம்; ஸ்பேனரைப் பற்றிச் சொல்ல முடியாது.

வண்டி ஓடியது. தெருமுனைவரை போய்த் திரும்பிய லைல், சீமந்த புத்திரனைக் காட்டுகிறவர்போலக் கதவைத் திறந்து இறங்கினார்.

"மோசமில்ல," என்றார் எரல், தரையைப் பார்த்தபடி.

மறுநாள் காலை கிளெனிஸ் அறுவடை மிஷினில் ஏறினார். அந்த வீட்டில் மிஷின் அவருடையது. லைல் ஓட்டினால் வரிசை வளைந்துவிடும். லைல் வயலோரம் தண்ணீர் வண்டியில் இருந்தார். பக்கத்து சீட்டில் எரல். துணைக்கு வந்ததாகச் சொன்னார். இரவு தூங்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

காற்று ரேடியோ சொன்ன நேரத்துக்குக் காத்திருக்கவில்லை. வடக்கிலிருந்து அடுப்புக் கதவைத் திறந்ததுபோல அடித்தது. நிறுத்திவிடலாம் என்று சொல்ல லைல் வாக்கி டாக்கியை எடுக்கும்போதே, வயலின் அந்தக் கோடியில் மிஷினுக்கு அடியிலிருந்து ஒரு சாம்பல் நூல் எழுந்தது. அது நூலாக இருந்தது ஒரு நொடிதான்.

"லைல், புகை! இடது பக்கம். வண்டியக் கொண்டா!" வாக்கி டாக்கியில் கிளெனிஸின் குரல் பதறவில்லை. அதுதான் லைலைப் பதறவைத்தது.

வண்டியைத் திருப்ப ரிவர்ஸ் போட்டார். திருப்பினார். ரிவர்ஸிலிருந்து முழுதாக வெளியே வராமலே லீவரை இரண்டாவதுக்கு இழுத்தார். லீவர் போனது. கிளட்சை விட்டார். வண்டி ஒருமுறை குதித்து அணைந்தது. மறுபடி சாவி, மறுபடி கிளட்ச், மறுபடி குதிப்பு. லீவர், கஞ்சிக்குள் விட்ட கரண்டிபோல எந்தப் பக்கம் ஆட்டினாலும் ஆடியது, எதையும் பிடிக்கவில்லை.

எதிரே நெருப்பு, அறுத்துவிட்ட அரிதாளில் ஓட ஆரம்பித்திருந்தது. கிளெனிஸ் மிஷினைவிட்டு இறங்கிவிட்டார். புகைக்குள் அவருடைய மண்வெட்டி மட்டும் ஏறி இறங்குவது தெரிந்தது. பம்புக் குழாயின் நீளத்துக்கு எட்டாத தூரத்தில் இருந்தது அந்த இடம்.

"என்ன ஆச்சு இதுக்கு?" என்றார் லைல். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, பக்கத்தில் திரும்பினார். "எரல். என்ன ஆச்சு?"

கேட்டதுதான் தாமதம், மனுஷன் மடைதிறந்த மாதிரி கொட்டினார். "ரெண்டு கியர்ல மாட்டிக்கிச்சு. ரிவர்ஸும் ரெண்டாவதும். கம்பிக்கு நடுவுல முளை போடல நீ. எந்திரி, காலை எடு!" பேசிக்கொண்டே தரை ரப்பரைக் கிழித்தார். லீவரின் அடிமூடியை அமுக்கித் திருகினார். லீவர் கையோடு வந்தது. உள்ளே எண்ணெய்க்குள் மூன்று கம்பிகளின் தலைகள்; ஒன்று மட்டும் வரிசை தவறி நின்றது.

"அதான் ரிவர்ஸ். ஸ்க்ரூ டிரைவரை வச்சு நெம்பு. முன்னால இல்லடா, பின்னால! பின்னால!"

"கத்தாதடா!"

"நேத்தே கத்தியிருக்கணும்!"

ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி லைலின் கட்டைவிரலைக் கிழித்தது. மறுபடி வைத்தார். டக்கென்று கம்பி நகர்ந்தது. இரண்டாவது கியர் மட்டும் மிச்சம். லீவர் இல்லாமல், காலடியில் ஓட்டையோடு, அந்த ஒரே கியரில் வண்டி உறுமிக்கொண்டு வயலுக்குள் பாய்ந்தது. எரல் கதவில் தொங்கியபடியே பின்பக்கம் தாவிப் பம்பை இழுத்துக் கிளப்பினார்.

கிளெனிஸின் புருவம் பொசுங்கியிருந்தது. கைகள் இருந்தன, கால்கள் இருந்தன. லைல் அதைத்தான் முதலில் பார்த்தார். தண்ணீர் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. தீ அணைந்தபோது வயலில் ஒரு மூலை கருகிப் போயிருந்தது. அன்று மாலையே காற்று அடங்கியதால் மிச்ச பார்லி உதிராமல் நின்றது; மிஷினும் தப்பியது.

மூவரும் இருமி முடித்தபின் கிளெனிஸ் கேட்டார்: "ஏன் அவ்வளவு நேரம்?"

லைல் எரலைப் பார்த்தார். எரல் எல்லாவற்றையும் சொன்னார். இந்த முறை யாரும் அவரைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தியா?"

"அது அவன் ஷெட்டு இல்லியா..."

"வயலு என்னுது," என்றார் கிளெனிஸ்.

அடுத்த இரண்டு நாளும் ஷெட்டில் பேச்சுச் சத்தம் கேட்டதாகத் தெருவில் சொன்னார்கள். சண்டை என்றே நினைத்திருக்கிறார்கள். புதிய முளையோடு வண்டி வெளியே வந்ததும், கிளெனிஸ் லைலை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டுத் தானே ஏறினார். கருகிய மூலையில் வைத்து ரிவர்ஸ், இரண்டாவது, ரிவர்ஸ், இரண்டாவது என்று வேண்டுமென்றே அவசர அவசரமாக, பாதியிலேயே பிடுங்கிப் பிடுங்கி மாற்றினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆண்கள் இருவரும் வேலியோரம் நின்றார்கள். வண்டி ஒருமுறைகூட மாட்டிக்கொள்ளவில்லை.

கிளெனிஸ் வண்டியை வயலோரம் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை, இறங்கவும் இல்லை. சட்டைப்பையிலிருந்து அறுவடை மிஷினின் சாவியை எடுத்து ஜன்னல் வழியாக லைலிடம் நீட்டினார்.

"நீ போய் அறு. தண்ணி வண்டில நான் இருக்கேன்."

"வரிசை வளைஞ்சிடுமே."

"வளையட்டும்."