கரமனை வயல்வீடு

முப்பாட்டனார் கட்டிய எங்கள் வயல்வீடு இப்போது காட்சியகம். பார்வையாளர்களோடு உள்ளே போனேன். நெல் கொட்டிவைக்கும் மரப் பத்தாயம் காலியாகத்தான் கிடந்தது. ஆனாலும் நெல் வாசனை போகவில்லை.

சின்ன வயதில், அறுவடை முடிந்ததும் அப்பா என்னைத் தூக்கி அதற்குள் இறக்கிவிடுவார். குவியும் நெல்லை நான் காலால் பரத்துவேன். உடம்பெல்லாம் அரிக்கும். அம்மா வெந்நீரோடு காத்திருப்பாள்.

வயல்கள் கைவிட்டுப் போனபின், வீடாவது இடிபடாமல் இருக்கட்டும் என்று அப்பா அதைக் காட்சியகத்துக்கு எழுதிக்கொடுத்தார். வாடகை வீட்டில் தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, "மக்களே, வா, வீட்டுக்குப் போவோம்" என்று நிற்பார். வருடம் முடியுமுன் போய்விட்டார். பிறகு அம்மாவும்.

"இந்தக் குடும்பத்துல இப்போ ஆரும் இல்ல, கேட்டோ," என்றாள் வழிகாட்டிப் பெண்.

பக்கத்தில் நின்றவர், "கஷ்டம்" என்றார்.

நானும் தலையாட்டினேன்.