கொட்டியாரக் குடாவுக்கு மேலே ஐந்து நிமிடம்

தலைக்கு மேலே ஐந்து நிமிடம் மட்டும் போகிற, பூமியைச் சுற்றும் ஒரு குட்டிச் செய்மதிக்காக நாள் முழுக்கக் காத்திருப்பதுதான் எங்கள் உத்தியோகம். பஸ்ஸுக்கு நின்று நின்று கால் கடுத்தவர்களுக்கு என் கஷ்டம் விளங்கும். அது ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக அனுப்பும். எங்கள் தொலைநோக்கி போதிய அளவு பிடித்தால், யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி செய்திகளைப் பூட்டும் இரகசியத் திறப்பு, அதாவது சாவி, ஒன்று கிடைக்கும். மாத முடிவுக்குள் ஒன்றாவது பிடிக்காவிட்டால் திருகோணமலை நிலையத்தை மூடுவதாகக் கொழும்புத் தலைமையகத்தில் சொல்லிவிட்டார்கள்.

முதல் வெற்றி

ஒரு பின்னேரம் கணினியில் எண்ணிக்கை குபீரென்று ஏறியது. நானும் என்னோடு வேலை செய்யும் நிஸ்ரினாவும் துள்ளிக் குதித்தோம். கொழும்புக்குப் போன் எடுத்துச் சொல்லியும் விட்டேன். பிறகுதான் நிஸ்ரினா மணிக்கூட்டைப் பார்த்தாள். செய்மதி வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது!

ஒளித்துகளை எண்ணும் கருவிப் பெட்டியின் மூடியை நான் சரியாகப் பூட்டவில்லை. தேத்தண்ணிக்கு வைத்த கேத்தலின் சிவப்பு லைற்றைத்தான் அவ்வளவு நேரமும் எண்ணியிருக்கிறோம். வெட்கத்தை விட்டு மேலதிகாரிக்கு மறுபடி போன் எடுத்தேன். அவர் சொன்னது: "பரவாயில்லை, கேத்தலோட தொடர்பு கொண்ட முதல் நிலையம் எங்கடதுதான்."

மூதூர் இறங்குதுறையில்

அடுத்த தலையிடி கணவாய் மீன் பிடிக்கிற படகுகள். பொழுதுபட்டதும் கணவாயைக் கூட்டக் குடா முழுக்க லைற் போடுவார்கள். அந்த வெளிச்சத்தில் எங்கள் ஒளித்துகள் எங்கே தெரியப்போகிறது? மறுகரை மூதூரில் மீனவர் சங்கத் தலைவர் றசீத் நானாவிடம் போய், ஒரே ஒரு நாள், செய்மதி போகிற ஏழு ஐந்திலிருந்து ஐந்து நிமிடம் அணைக்கச் சொல்லிக் கேட்டேன். அணைத்தால் சேர்ந்த கணவாய் கலைந்துவிடும் என்றார். அந்தத் திறப்பால் என்ன செய்தியைப் பூட்டப் போகிறீர்கள் என்றும் கேட்டார். எனக்கே தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் வேலை என்றேன்.

பிறகு சொன்னார்: "சரி மிஸ், ஏழு அஞ்சுக்கு லைற்றை நூக்கிறம், ஏழு பத்துக்கு ஏத்துறம். ஏழு பதினொண்டு ஆக்கிப்போடாதீங்க."

ஏழு ஐந்து

மாதத்தின் கடைசி நாள். நல்லவேளையாக மேகம் இல்லை. குடாவில் லைற்றுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் அதுவும் அணைந்தது. எண்ணிக்கை மெல்ல மெல்ல ஏற, ஏழு ஒன்பதுக்கு முழுத் திறப்பும் கையில்! நிலையம் தப்பியது. நிஸ்ரினாவைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கடலிலிருந்து றசீத் நானா: "மிஸ், உங்கட ஆள் போயிட்டாரா? எங்கட ஆக்கள் தண்ணிக்குக் கீழ காத்துக்கொண்டு நிக்கிறாங்க."

ஒளியைத் துகள் துகளாக எண்ணத் தெரிந்த நாங்கள், இருட்டு வேண்டுமென்றால் இன்றைக்கும் மூதூருக்குப் போய்த்தான் கேட்டு வாங்குகிறோம்.