கவிதாவின் காக்காவும் என் கட்டங்களும்

இன்று மணலூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரும்போது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் போனில் விளையாடப் புதிதாக எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று என் கேம்! வாய்க்காலைத் திருப்பி வயலுக்குத் தண்ணீர் விடும் புதிர். நான் இரவு பகலாக உழைத்துச் செய்தது. அதன் முகப்புப் படத்தைப் பார்த்தும் அவள் விரல் நிற்காமல் தள்ளியது.

அடுத்து, என்னைப் போலவே கேம் செய்யும் என் தோழி கவிதாவின் கேம். விரல் நின்றது. உடனே டவுன்லோடு.

பொறாமை தாங்கவில்லை. மெதுவாகக் கேட்டேன், "ஏம்மா, மேல இருந்தத வுட்டுட்டியே?"

"அதுவாக்கா? ஒரே கட்டமா, எழுத்தா இருந்திச்சி. கணக்குப் பாடம்னு நெனச்சிட்டேன். இதுல பாருங்க, காக்கா இன்னாத்தையோ திருடிக்கினு போவுது. இன்னான்னு பாக்க வாணாமா?"



பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கவிதாவுக்கு போன் செய்து, "உன் காக்காவால என் பொழப்பு போச்சிடி" என்று பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன்.

சிரித்தாள். "ஏன்டி, என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? இரு, உன் கேமுக்கு வேற படம் நான் வரைஞ்சி அனுப்பறேன்."

சாயங்காலமே அனுப்பிவிட்டாள். வாடிய ஒரே ஒரு நாற்று, மூடிய மடையை ஏக்கமாகப் பார்க்கிறது. எழுத்தே இல்லை. எனக்கே தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

கேமின் முகப்புப் படத்தை மாற்றிவிட்டேன். பொறாமை இன்னும் ஜாஸ்தியாகிவிட்டது.

திறமையோடு நல்ல மனசும் இருக்கிறவளை எப்படித் திட்டுவது? தெரிந்தவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள்.