உருகிய நீரூற்று

மாலை நாலு இருபதுக்கு என் மகளின் நீரூற்று உருக ஆரம்பித்தது. மந்திரவாதிகளும் வீரர்களும் பகடை உருட்டிச் சண்டை போடும் மேசை விளையாட்டுக்காக, தெர்மாகோலைச் செதுக்கி அவள் ஒரு வாரமாகச் செய்த உள்ளங்கையளவு நீரூற்று அது. புதுப் பள்ளியில் சேர்ந்து ஐந்து மாதமாகியும், அன்றுதான் முதல்முறையாக ஒரு தோழி வீட்டுக்கு விளையாட வருவதாக இருந்தது.

கல் நிறம் மட்டும் நான் அடித்துத் தருகிறேன் என்றிருந்தேன். இரும்பு பீரோவுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்காரனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? பெயின்ட்டில் தின்னர் கலந்து ஒரே ஒரு தடவைதான் பீய்ச்சினேன். தொட்டி குழிந்து, நடுத்தூண் சாய்ந்தது.

"அப்பா, நிப்பாட்டுங்க! இதப் பாக்கத்தான அவ வாரா!"

தின்னர் தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்று இரும்போடு புழங்கியவனுக்கு எப்படித் தெரியும்? மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து மணிக்குச் சின்னாளப்பட்டி பஸ்ஸில் தோழி வந்தாள். சிதைந்த தொட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"அடியே, அப்படியே நம்ம திண்டுக்கல்லு! சொட்டுத் தண்ணி இல்ல. குடத்தோட மொத ஆளா நான் வரிசையில நிக்கிறேன், நீ பகடைய உருட்டு."